தண்ணீர் பழகும் வரை

இன்னும் கொஞ்ச நேரம் மிதக்கட்டும். உடனே அவிழ்க்கக் கூடாது. பைக்குள் இருக்கிற தண்ணீரின் சூடும் இந்தச் சிமெண்ட் தொட்டித் தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும் என்று இரவல் காரில் வரும் வழியெல்லாம் தினகர் சொல்லிக்கொண்டே வந்தார், முதலில் பையை அப்படியே மிதக்கவிடு, அப்புறம் வாயைப் பிரித்து இந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் உள்ளே ஊற்று, பொறு, இன்னொரு டம்ளர், அவசரப்பட்டால் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும் யமுனா, என்று. செத்துப்போகும் என்பதை மற்றவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கியரை மாற்றிக்கொண்டே சொல்கிறார். பாப்பா பிறந்ததிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை, போனில் சார்ஜ் தீர்ந்தால்கூட அணைந்துவிட்டது என்றுதான் சொல்வேன், சொன்ன பிறகு அணைந்துவிட்டது என்பதும் நன்றாக இல்லையே என்று நாக்கைக் கடித்துக்கொள்வேன், தினகர் சிரிப்பார், பேச ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்க மாட்டாய் போலிருக்கே என்பார். மித்ரா என் மார்போடு கட்டிய துணிக்குள் இருக்கிறாள், தூங்குகிறாள், மூச்சு என் கழுத்துக் குழியில் படுகிறது, படுகிறது, இதோ மறுபடி படுகிறது. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து இரண்டு பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் கோல்டுஃபிஷ்கள். அவை ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டு, நடந்தது எதுவும் ஞாபகமில்லாத முகத்தோடு இருக்கின்றன. இன்னொன்றில் வாட்ச்மேன். வாட்ச்மேன் என்பது தினகர் வைத்த பெயர், பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று டேங்க் கிளீனர் மீன் ஒன்றை விரல் நீளத்தில் வாங்கிவந்தார், அது மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ராத்திரி பகலாக எங்களையே பார்த்துக்கொண்டு இருந்ததால் வாட்ச்மேன். இப்போது என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கிறான். கறுப்பு உடம்பு, ரம்பம் மாதிரிச் செதில், வயிற்றுப் பக்கம் ஒரு வாய். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுக்காக இரண்டு பை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மீன் கடையில் ஆக்ஸிஜன் அடைத்துக் கட்டிக் கொடுத்தார்கள், சிலிண்டரைத் திருகியதும் உஸ்ஸென்று அந்தச் சத்தம் வந்தது பாருங்கள், நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் இருட்டிலும் அடையாளம் சொல்வேன்.

ஏழு மாதத்தில் பிறந்தவள் இவள். பிறந்ததும் ஒரு முறை காட்டினார்கள், காட்டினார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, பச்சைத் துணி ஒன்று வேகமாக என்னைக் கடந்து போயிற்று, அதற்குள் இவள் இருந்தாள். அப்புறம் பார்த்தது கண்ணாடிப் பெட்டிக்குள். யமுனாவின் குழந்தை என்று சீட்டு ஒட்டியிருந்தது, பெயர்கூடக் கிடையாது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய் நின்றால், பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் துளை வழியாக ஒரு கையை விடலாம், ஒரு விரலால் தொடலாம், தடவக் கூடாதும்மா, தோல் தாங்காது, சும்மா வைங்க, என்று நர்ஸ் சொல்வார். சும்மா வைத்தேன். என் விரலின் கனம் அவளுக்கு வலிக்குமோ என்று விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வைத்தேன். இடது பக்கம் அடுத்த பெட்டி. செல்வநாயகியின் குழந்தை என்று சீட்டு. பையன். அதை இப்போது நினைக்க வேண்டாம். பெட்டியில் ஒரு நீல வெளிச்சம் வரும், மஞ்சள் காமாலைக்கு வைப்பது, அந்த வெளிச்சத்தில் இவள் காலை உதைத்தபோது எனக்கு எங்கள் வீட்டு மீன் தொட்டிதான் ஞாபகம் வந்தது, சுவரோரம் பம்ப் ஓடும் சத்தம்கூட ஒன்றுதான், வீட்டில் அத்தனை மீனை நாம் பெட்டியில் போட்டு அடைத்து வேடிக்கை பார்த்தோமே, இப்போது நம் பிள்ளையை யாரோ அடைத்து வைத்துப் பார்க்கிறார்களே என்று ஓர் எண்ணம் வந்து, வந்த வேகத்திலேயே வாக்கும் கொடுத்துவிட்டேன். என் பிள்ளையை இந்தக் கண்ணாடியிலிருந்து வெளியே விடு, என் வீட்டுக் கண்ணாடிக்குள் இருப்பதையெல்லாம் நான் வெளியே விடுகிறேன், திறந்த தண்ணீரில், வானம் தெரிகிற தண்ணீரில், என் கையாலேயே. விடு என்று யாரிடம் கேட்டேன்? அதுதான் தெரியவில்லை. வீட்டில் மாரியம்மன், பள்ளிக்கூடத்தில் லூர்து மாதா கெபி, கற்குகை மாதிரிக் கட்டி உள்ளே மாதா சிலை. பன்னிரண்டாம் வகுப்பு வரை கான்வென்ட்டில் படித்ததில் எனக்கு வாய்த்தது இதுதான், பயம் வந்தால் இரண்டு பக்கமும் ஓடுவேன். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் கெபியில் முழங்கால் போட்டு, பாஸ் பண்ணிவிட்டால் தவக்காலம் முழுக்கத் தேன்மிட்டாய் தொட மாட்டேன் மாதாவே என்று முணுமுணுத்தது பின்னால் நின்ற பெர்னதெத் சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "ஏண்டி, மாதா என்ன இங்க கடையா வெச்சிருக்காங்க? உன் தேன்மிட்டாய வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க? எழுந்திரி, போய் வாய்ப்பாடு படி." நான் பாஸ் பண்ணினேன். தேன்மிட்டாயைத் தொடவில்லை. கடையோ என்னவோ, சொன்ன சொல் சொன்னதுதானே. அன்றைக்கு நீல வெளிச்சத்துக்கு முன்னால் நின்றபோது மாரியம்மனும் இல்லை, மாதாவும் இல்லை, சிஸ்டரும் இல்லை. பம்ப் சத்தம் மட்டும் இருந்தது. அதனிடம் சொன்னேன். அது கேட்டுக்கொண்டதோ என்னவோ, இவள் வெளியே வந்துவிட்டாள்.

வந்துவிட்டாள், அப்படியானால் நான் செய்ய வேண்டியதுதானே. போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். எங்கள் வாடகை வீட்டில் படுக்கிற அறை ஒன்றுதான், பிள்ளைக்கு ஈரம் ஆகாது, தொட்டியை எடுத்துவிடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், அதனால் தினகருக்கும் வேறு வழியில்லை, ஸ்கூட்டர் முன்னால் மூடி போட்ட வாளி, பின்னால் நான் பிள்ளையோடு. எங்கள் பக்கத்துக் குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தியபோது நாலைந்து பேர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள், வலை கனத்திருந்தது, இழுக்கிறவர்கள் முகத்தில் சந்தோஷமே இல்லை. கரைக்கு வந்ததும் பார்த்தால் வலை முழுக்க வாட்ச்மேன். கறுப்புக் கறுப்பாக, ரம்பம் ரம்பமாக, வலையைக் கிழித்துக்கொண்டு. ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கரையில் எறிந்தார்கள், விலை போகாது, வாங்குவாரில்லை, வேறு மீனின் முட்டையையெல்லாம் தின்று தீர்த்துவிடுகிறது, ஜிலேபிக் கெண்டையே முன்னே மாதிரி இல்லை என்று ஒருவர், எங்களிடம் அல்ல, குளத்திடம் சொல்வது போலச் சொன்னார். எறிந்தவை கிடந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் அசைத்தன. தண்ணீர் இல்லாமலும் அவை லேசில் விடுவதில்லை. யாரோ எங்களைப் போல இரக்கப்பட்டு, அல்லது நேர்ந்துகொண்டு, அல்லது தொட்டியைக் கழுவ அலுத்துப்போய், ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும், இன்னொருவர் அதற்கு ஒரு ஜோடியை. தினகர் என்னைப் பார்த்தார், வாளியின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினார். வீடு திரும்பினோம். அன்று ராத்திரியே மித்ராவுக்கு மூக்கடைத்தது. சாதாரணச் சளி, காற்று பட்டிருக்கும், யாருக்கும் வருவதுதான் என்றார் தினகர். எனக்கா தெரியாது? தெரியும், தெரிந்து என்ன, கை நீட்டிக் கேட்கிறது போல இருந்தது எனக்கு, கொடுத்தேனே, நீ கொடுத்தாயா, என்று. கோயிலில் போய்ப் பூக் கேட்கலாமா என்று யோசித்தேன், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், எது வருகிறதோ அது சாமியின் பதில், எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கே அப்படித்தான் கேட்பார்கள், ஆனால் எந்தக் கோயிலில் போய்க் கேட்பது, யாருக்குக் கொடுத்த வாக்கு என்று பூசாரி கேட்டால் பம்ப்புக்கு என்றா சொல்வது? அதற்குள் தொட்டியில் இருந்த செடிகளுக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. அதையும் சாக்கடையிலோ வாய்க்காலிலோ போட்டுவிடக் கூடாதாம், ஒரு துண்டு கிடைத்தால் போதும், வாய்க்கால் முழுக்கப் படர்ந்துவிடுமாம், மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து முழுக்கச் சருகான பிறகு குப்பையில் போட வேண்டும் என்று தினகர் எங்கேயோ படித்துச் சொன்னார். பழைய போர்வையை விரித்து வற்றல் போடுகிற மாதிரி பரப்பினேன். பச்சை மாறாமல் மினுமினுவென்று இருந்தது. மத்தியானம் ஏறிப் போய்த் திருப்பிப் போட்டேன். அடியில் இருந்தவை அப்போதும் ஈரமாக, உயிரோடு. உங்களையும் சேர்த்துத்தானே சொன்னேன், கண்ணாடிக்குள் இருப்பதையெல்லாம் என்று சொன்னேனே, என்று நினைத்துக்கொண்டே திருப்பிப் போட்டேன். இரண்டு நாளில் பீடி இலை மாதிரி நொறுங்கியது. தொட்டித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அது மட்டும் துளிர்த்திருக்கிறது.

"என்னம்மிணி, மீனுக்கு மந்திரம் ஓதறியா?" செல்வநாயகி அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வருகிறார். நைட்டி மேல் துண்டு, கையில் பாசி வாடை. ஆண்கள் இருவரும் முன்பக்கம், இவர் வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட மோட்டாரைத் தினகருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், மோட்டாரைக் காட்ட ஆள் கிடைத்தால் அவர் விடமாட்டார் என்று வந்ததுமே எச்சரித்தார் அக்கா. நல்ல வீடு கிடைத்தால் மீன்கள் இலவசம் என்று தினகர் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போட்டதைப் பார்த்துவிட்டு அக்காதான் கூப்பிட்டார், நாங்க மீன் வளர்த்துக் கடைக்குப் போடறவிய, எங்க தொட்டியில இருந்துட்டுப் போகட்டுங், அம்மிணியையும் புள்ளையையும் கூட்டிட்டு வாங்க, என்று. புள்ளையையும். அந்தச் சொல்லில்தான் நான் ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டு கிடந்தேன். ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்கென்று ஓர் அறை, அதில் நானும் இவரும் பக்கத்துப் பக்கத்துப் பாய், ஒன்றாகப் பால் பீய்ச்சுவோம், எனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், இவருக்கு நிறைய வரும், என்ற பண்ணையப் பாரு, ஆவின்ல ஊத்தலாம் போல என்று சிரிக்க வைப்பார். அந்தப் பாலை நர்ஸ் பாலாடையில் எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள் காலை இவர் பாலைக் கொண்டுபோக யாரும் வரவில்லை. அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, என் பெட்டி இல்லை, என் பெட்டி இல்லை, என்று நினைத்தேன், முதலில் அதைத்தான் நினைத்தேன். அதற்கப்புறம் நான் இவருக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்ல, பாப்பா எடை கூடியிருக்கிறாள் என்றா? இன்று காலை இவளைக் குளிப்பாட்டி முடித்ததும் மையை எடுத்தேன், கன்னத்தில் வைத்தேன், உள்ளங்காலில் வைத்தேன், திரும்பக் கன்னத்துப் பொட்டைப் பெரிதாக்கினேன், தினகர் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்குப் போறோம்னு இவ்வளவு பெரிசு என்று கேட்டார். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"பொட்டென்ன இத்தனை பெருசா வெச்சிருக்கே?" அக்கா குனிந்து துணிக்குள் பார்க்கிறார். "பாதி மூஞ்சி மைதான் இருக்குது. என்ற கண்ணுக்குப் பயந்தா?" எனக்குக் காது வரை சுட்டது. இல்லக்கா, அது, கை தவறி, என்கிறேன். "அட, சும்மா கேட்டேன் கண்ணு. நானுந்தான் எங்க பெரியவளுக்கு வெச்சேன், ஸ்கூல் போற வரைக்கும், ஊர்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. டீயக் குடி, ஆறுது." சிரிக்கிறார், டீயை உறிஞ்சுகிறார், பையில் ஒரு விரலை வைத்துச் சூடு பார்க்கிறார், பார்த்துவிட்டு, பைக்குள் இருக்கும் வாட்ச்மேனை ஒரு தட்டுத் தட்டுகிறார். "இவன் இருக்கட்டும், பாசி மேயறதுக்கு ஆகும். வெளிய போக முடியாது, மேல வலை, தண்ணி போற ஓட்டைக்கும் வலை. மழை பேஞ்சு தொட்டி நெறஞ்சாலும் வாய்க்காலுக்குப் போக மாட்டான். இவியள ஒருக்கா வெளிய உட்டா அவ்வளவுதான்." வெளியே போக முடியாது. அவர் நல்லதைத்தான் சொல்கிறார். திறந்த தண்ணீர் என்றேனே. நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். தொட்டி மேல் பச்சை வலை, வலைக்கு மேல் தகரக் கூரை, கூரையின் விளிம்புக்கு அப்பால் தென்னை மட்டைகளுக்கு நடுவில் ஒரு துண்டு வானம், இதெல்லாம் ஆகுமா, இதை வானம் தெரிகிறது என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, யார் எடுத்துக்கொள்வார்கள், ஏண்டி மாதா என்ன கடையா வெச்சிருக்காங்க. இவள் தும்மினாள். சின்னத் தும்மல், பூனைக்குட்டி மாதிரி. டீ என் கையில் சிந்தியது. "என்னாச்சு, சளியா?" "நாலு நாளா இருக்குங்கக்கா." "தும்மட்டும், நல்லது. தும்முனா நெஞ்சுல சத்து இருக்குதுன்னு அர்த்தம். அங்க இருந்தப்ப இதுக தும்மவா செஞ்சுது?" இதுக என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னார். சொன்னது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, இவரிடம் சொல்லக் கூடாத ஒன்றே ஒன்று இருந்தால் அது இதுதான், ஆனால் வேறு யாரிடம் சொல்ல, அந்த நீல வெளிச்சம் வேறு யாருக்குத் தெரியும்? நேர்ந்துக்கிட்டேங்கக்கா, இவ வெளிய வந்தா மீனையெல்லாம் குளத்துல விடறேன்னு, விடப் போனேன், அங்க இந்த மீனே மலையாக் குவிஞ்சு கிடக்குது, விட்டா அந்தக் குளத்துக்குப் பாவம், விடலைன்னா, விடலைன்னா என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அக்கா என்னையே பார்த்தார். "யாருக்கு நேர்ந்தே?" "தெரியலைங்கக்கா." "தெரியலையா?" "அந்தப் பெட்டி முன்னால நின்னு சும்மா... பொதுவா..." "அட்ரஸே இல்லாம நேர்ந்தியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நான் பயந்து பார்க்கப் பார்க்கச் சிரித்தார். "நானு அட்ரஸோட நேர்ந்தேன் சாமி. பழனிக்கு மொட்டை. பண்ணாரிக்கு நெருப்புக் குண்டம் எறங்கறேன்னேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்னேன், உன்னையப் பாத்துத்தான் அது. எங்க வீட்டுக்காரரு பக்கத்துத் தர்காவுக்குப் போயி ஓதி நூலு வாங்கிட்டு வந்தாரு. ஒருத்தரையும் உடல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவியல்லாம் உண்டுன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நர்ஸம்மாதான் வந்து சொல்லுச்சு." மோட்டார் ஓடத் தொடங்கியது, முன்பக்கத்திலிருந்து தினகர் ஏதோ பாராட்டிச் சொல்வது கேட்டது, பிறகு மோட்டார் நின்றது. இவரும் நேர்ந்தார். என்னைவிட அதிகமாக, ஒழுங்காக, பெயர் சொல்லி, ஊர் சொல்லி. அப்படியானால் என் வாக்கை வாங்கிக்கொண்டு இவளைக் கொடுத்தார்கள் என்று நான் நினைத்தால், இவர் வாக்கை வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள் என்றல்லவா ஆகிறது, தேன்மிட்டாய் பிடித்தது, குண்டம் பிடிக்கவில்லை என்று. அப்படி ஒருவர் மேலே இருந்தால் அவரிடம் என் பிள்ளையைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. இல்லை என்றால், வாக்குக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றால், சும்மா வந்தாள் என்றால், சும்மா வந்தவளை நான் எதைக் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்வது? கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற பயத்துக்குக் கைகால் உண்டு, அதனிடம் கெஞ்சலாம். கேட்க யாருமில்லை என்ற பயத்துக்கு அதுவும் இல்லை. பிடிக்க ஒன்றுமே இல்லை. கையை வைத்து இவள் முதுகைப் பார்க்கிறேன், ஏறுகிறது, இறங்குகிறது. ஏறுகிறது.

"வா, சூடு ஒண்ணாயிருச்சு. அவுத்து உடலாம்," என்றார் அக்கா, பையைத் தொட்டுப் பார்த்து. கோல்டுஃபிஷ் பையை அவர் பிரித்து, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, சற்றுப் பொறுத்துச் சரித்தார், அவை ஒவ்வொன்றாக வழுக்கிப் போயின, போய்ச் சுவரோரம் ஒரு சுற்றுச் சுற்றி, உடனே ஏதோ தின்னத் தேடின. வாட்ச்மேனை நான் விடறேங்கக்கா, என்றேன், என் கையாலேயே என்று சொன்னதில் அது ஒன்றாவது மிஞ்சட்டும். உடு, யாரு வேண்டாங்கறாங்க, என்றார். ரப்பர் பேண்டைக் கழற்றினேன், காற்று உஸ்ஸென்று போயிற்று, பொறுத்துக்கொண்டேன். ஒரு டம்ளர். பொறுத்தேன். இன்னொரு டம்ளர். அவன் அசையவில்லை, கன்னம் மட்டும் அசைந்தது. சரிக்க வேண்டியதுதான், ஆனால் இவன் கனம், ஒரு கையால் பை வாயை விரித்துப் பிடித்தால் இன்னொரு கையால் அடியைத் தாங்க வேண்டும், செதில் பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டிச் சுவரோ என் இடுப்புயரம், குனிந்தால் மித்ராவின் தலை தண்ணீர் வரை போகிறது, அவளைத் தாங்க ஒரு கை வேண்டும். ஒரு கை குறைகிறது. நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார், நன்றாக, விரல் இடுக்கெல்லாம், ஆஸ்பத்திரியில் கழுவிக்கொண்ட மாதிரியே முழங்கை வரைக்கும். "உன்ற வீட்டுக்காரரக் கூப்புடட்டா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். கூப்பிடலாம், ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார், இருபது அடிகூட இருக்காது. கூப்பிடுங்க என்று சொல்ல எனக்கு வாயும் திறந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை, எதிர்பார்க்காமல் இருப்பதற்கு அது படும் பாடு மட்டும் தெரிந்தது, போய் அவரைக் கூட்டிவரத் திரும்பியும் விட்டார். "வேண்டாங்கக்கா," என்றேன். "நீங்க பிடிங்க." துணி முடிச்சை அவிழ்க்க வரவில்லை, விரலெல்லாம் ஈரம், அவரே வந்து அவிழ்த்தார். கழுத்துக்கு ஒரு கை, புட்டத்துக்கு ஒரு கை, நெஞ்சோடு நிமிர்த்தி, நர்ஸ் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. என் மார்பில் காற்று பட்டது, அவள் இருந்த இடம் மட்டும் வியர்த்துக் குளிர்ந்தது. நான் திரும்பி, இரண்டு கையையும் தோள் வரை தண்ணீரில் விட்டேன். பையின் வாயை விரித்தேன், அடியைத் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தேன், செதிலை ஒவ்வொன்றாக விடுவித்தேன், அவன் பின்பக்கமாக நழுவி வந்தவன் போகாமல் என் மணிக்கட்டில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டான். வலிக்கவில்லை. ஈரமான, அழுத்தமான ஒரு பிடி. தண்ணீர் உன்னை எடுத்துக்கொள்ளும், போ, என்று மனதுக்குள் சொன்னேன், போகவில்லை, நானும் உதறவில்லை. பின்னால் அக்காவின் குரல் கேட்டது. ரொம்பத் தாழ்ந்த குரல், என்னோடு பேசுகிற குரல் இல்லை. "ஏஞ்சாமி. எங்க தம்பி பக்கத்துலதான நீ படுத்திருந்தே. நானு இல்லாதப்பவும் நீதான அவங்கூட இருந்தே. அழுதானா சாமி? ராத்திரில அழுதானா?" மித்ரா ஏதோ முனகினாள், தூக்கத்திலா விழித்தா தெரியவில்லை. மணிக்கட்டில் இருந்த பிடி விட்டது. வாட்ச்மேன் தொட்டியின் அடிக்குப் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவ்வளவுதான், வேலை முடிந்தது, திரும்பிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். பின்னால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். நான் காலிப் பையைப் பிடித்தபடி, ஏதோ மிச்சம் இருப்பதுபோல, கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.